காதுக்கு வேலை: பானையைப் பின் வரிசையில வைக்காதே!

பட்டினப்பாக்கம் பீச். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணி. மெரினா கூட்டத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒதுங்குகிற குடும்பங்கள், வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்கள், சுண்டல் பையன், எங்கிருந்தோ வந்து விழும் ரப்பர் பந்து. இதுக்கு நடுவுல நம்ம ஏரியா தம்பி ஒருத்தன் மணல்ல உம்முனு உட்கார்ந்திருந்தான். மடியில் கடம்.

"இன்னாடா, பானையோட பீச்சுக்கு வந்துட்ட?"

"வித்துரலாம்னு இருக்கேண்ணா."

பகீர்னு ஆகிடுச்சு. ஆறு வருஷமா சைக்கிளை மிதிச்சுக்கிட்டு மயிலாப்பூர் போய்க் கத்துக்கிட்டவன் அவன். விசாரிச்சேன். விஷயம் இதுதான். காலேஜ் கல்ச்சுரல்ஸ் வருது. பேண்ட் ரெடி. கிடார், பேஸ், கீபோர்டு, ட்ரம்ஸ் எல்லாம் இருக்கு. தீம் 'ஜாஸ் ராக் ஃப்யூஷன்'. லீட் கிடாரிஸ்ட் சொல்லியிருக்கார்: "நீ பின்னாடி உட்காரு மச்சி. நடுவுல முப்பது செகண்ட் 'இண்டியன் டச்' குடு. மத்த நேரம் உன் மைக் ஆஃப்ல இருக்கும்."

"மைக் ஆஃப்ல இருக்கும்னா நான் எதுக்குண்ணா? அதுக்கு ஒரு குடத்தைக் கொண்டாந்து வெச்சா போதாதா?"

நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான்: "அவங்க எல்லாம் அமெரிக்கன் ஜாஸ் ராக் பத்தியே பேசுறாங்க. நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். விக்கறதுக்கு முன்னாடி அதையும் ஒரு தடவை கேட்டுர்றேன். பெஸ்ட் பாட்டா ஒரு லிஸ்ட் குடுண்ணா."

கொடுத்தேன். ஆனா அவன் எதிர்பார்த்த லிஸ்ட் இல்லை. அந்த லிஸ்ட்தான் இந்த வாரம் உங்களுக்கும்!

கரென்ட்டை அணைச்ச கிடாரிஸ்ட்

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஜாஸ் ராக் என்ற வகை பிரபலமானது 1960-களின் கடைசியில். ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், ஜாஸுக்குள் எலெக்ட்ரிக் கருவிகளைக் கொண்டு வந்தார். 1969-ல் வந்த 'இன் எ சைலன்ட் வே', 1970-ல் வந்த 'பிட்ச்சஸ் ப்ரூ' என்ற அந்த இரண்டு ஆல்பங்களிலும் கிடார் வாசித்தவர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஓர் இளைஞர். பெயர் ஜான் மெக்லாஃப்லின்.

1971-ல் அவர் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு பேண்ட் தொடங்கினார். பெயரைக் கேட்டா நம்ம தாத்தா பாட்டி சந்தோஷப்படுவாங்க... 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'! அவருடைய ஆன்மிக குரு ஸ்ரீ சின்மய் வெச்ச பெயர் அது. பெயர்தான் சாந்தம். சத்தம் இடி, மின்னல், மழை மூணும் சேர்ந்தது. 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க ஆல்பம் வரிசையில் முதல் இருபதுக்குள் வந்தது. பாட்டே இல்லாத, கருவி இசை மட்டும் உள்ள ஒரு ஆல்பத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை பாஸ்.

இப்படி உச்சத்துல இருக்கிற மனுஷன் என்ன செய்யணும்? அதே மாதிரி இன்னும் நாலு ஆல்பம் போட்டு, பங்களா வாங்கணும். அவர் என்ன செய்தார் தெரியுமா? வீணை கத்துக்கப் போனார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது கர்நாடக இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர் எஸ்.ராமநாதனிடம் பாடம். அதே பல்கலைக்கழகத்தில்தான் எல்.சங்கர் என்ற இளம் வயலின் கலைஞரின் அறிமுகமும் கிடைத்தது. சங்கர் நம்ம சென்னையில் பிறந்தவர். அப்பா வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை சொல்லிக்கொடுத்ததால், சின்ன வயசு இலங்கையில். வயலின் வித்வான் எல்.சுப்ரமணியமும், 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த எல்.வைத்தியநாதனும் இவருடைய அண்ணன்கள்.

கிடாரும் வயலினும் கைகோத்தாச்சு. தாளத்துக்கு மும்பையிலிருந்து தபலாவோட ஜாகிர் உசேன். அப்புறம்... "கேக்குறியா தம்பி? சென்னையிலிருந்து கடத்தோட விக்கு விநாயக்ராம்!" முதல் ஆல்பத்தில் மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவனும் உண்டு. இப்படிப் பிறந்த பேண்டுக்குப் பெயர் 'சக்தி'.

ட்ரம் செட் கிடையாது. எலெக்ட்ரிக் கிடார் கிடையாது. பேஸ் கிடையாது. எல்லாரும் மேடையில சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க. ஒரே வரிசை. பின் வரிசைன்னு ஒண்ணு இல்லவே இல்லை!

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஏன் இது பெரிய விஷயம்?

நம்ம சபா கச்சேரியிலேயே கடத்தோட நிலைமை என்ன? 'உபபக்கவாத்தியம்'. அதாவது பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியம். பாடகர் நடுவுல, வயலினும் மிருதங்கமும் ரெண்டு பக்கம், கடம் கொஞ்சம் தள்ளிப் பின்னால. 1966-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினபோது கடம் வாசித்தவர் இதே விநாயக்ராம்தான். அவ்வளவு பெரிய மேடையைப் பார்த்துட்டு வந்த வாத்தியத்துக்குக்கூட கிடார், வயலின் பக்கத்துல சரிசமமா உட்கார இன்னும் ஒன்பது வருஷம் ஆச்சு.

இன்னொண்ணும் யோசிங்க. தபலா வட இந்திய வாத்தியம். கடம் தென்னிந்திய வாத்தியம். ரெண்டு பக்கமும் தாளத்துக்கு வேற வேற மொழி, வேற வேற கணக்கு. அந்த ரெண்டும் தினம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து வாசிப்பது அப்போ ரொம்ப அபூர்வம். ஆக, அமெரிக்காவையும் இந்தியாவையும் சேர்க்கிறதுக்கு முன்னாடி இந்தியாவையும் இந்தியாவையும் சேர்க்க வேண்டியிருந்தது!

இதோ லிஸ்ட்!

எல்லாமே ஆன்லைன்ல கிடைக்குது. ஹெட்போன் கட்டாயம். வரிசையா கேளுங்க, தாவாதீங்க.

1. ஜாய்: முதல் ஆல்பத்தின் முதல் ட்ராக். 1975 ஜூலை 5-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் ஒரு காலேஜில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. ஆமா, காலேஜ் மேடைதான்! 18 நிமிஷம். கிடாரும் வயலினும் ஒரே மெட்டைத் தலைதெறிக்கிற வேகத்தில் சேர்ந்து வாசிக்கும். கயிறு மேல ரெண்டு பேர் கை கோத்துக்கிட்டு ஓடினா எப்படி இருக்கும்? அப்படி. முதல் தடவை கிடாரை மட்டும் கேளுங்க. ரெண்டாவது தடவை கடத்தை மட்டும். ரெண்டும் வேற வேற பாட்டு மாதிரி இருக்கும்.

2. லோட்டஸ் ஃபீட்: அதே ஆல்பம். ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. 'ஜாய்' கேட்டு மூச்சு வாங்குறவங்களுக்கு மோர் மாதிரி. மெதுவான, எளிமையான மெட்டு. இதே மெட்டை 1976-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' ஆல்பத்திலும் பதிவு செய்தார் மெக்லாஃப்லின். ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. வாத்தியம் மாறினா ஒரே மெட்டு எப்படி வேற ஆளா மாறுதுன்னு புரியும்.

3. லா டான்ஸ் டு பொனர்: 'ஆனந்த நடனம்'னு அர்த்தம் வர்ற ஃப்ரெஞ்சு தலைப்பு. 1976-ல் வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' ஆல்பத்தின் முதல் ட்ராக். ஆரம்பமே வாத்தியம் இல்லை, வாய்! ஆமா, கொன்னக்கோல். தாளச் சொற்களை வாயாலேயே சொல்லி ஆரம்பிக்கிறாங்க. ஃப்ரெஞ்சுத் தலைப்பு பார்த்துட்டு கேட்டவங்க காதுல முதல்ல விழுந்தது நம்ம ஊரு ஜதி. செம இல்ல?

4. இந்தியா: அதே ஆல்பம், 12 நிமிஷத்துக்கு மேல. ஆலாபனை மாதிரி அவசரமே இல்லாமல் தொடங்கி, மெல்ல மெல்லத் தாளத்துக்குள் நுழையும். ரீல்ஸ் பார்த்துப் பழகின காதுக்கு முதல் மூணு நிமிஷம் கஷ்டம்தான். பொறுமையா இருங்க. பஸ் டெர்மினஸ்ல நின்ன வண்டி கிளம்பற மாதிரி, கிளம்பினப்புறம் நிக்காது.

5. ஃபேஸ் டு ஃபேஸ்: 1977-ல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' ஆல்பத்திலிருந்து. ஆறு நிமிஷம். முகத்துக்கு முகம். கிடாரும் வயலினும் பேசிக்கிறதை ஒட்டுக்கேக்கிற சுகம். ஃப்ரெண்ட்ஸுக்குப் போட்டுக் காட்ட எது முதல்லன்னு கேட்டா, என் ஓட்டு இதுக்குத்தான். சின்னதா இருக்கு, பயமுறுத்தாது.

6. கெட் டவுன் அண்ட் ஸ்ருதி: அதே ஆல்பம், 7 நிமிஷம். தலைப்பிலேயே குறும்பு. பாதி அமெரிக்க டான்ஸ் ஃப்ளோர், பாதி நம்ம தம்புரா. கொன்னக்கோல் இதிலும் உண்டு. வித்வான்கள்னா முறைச்சுக்கிட்டுதான் இருப்பாங்கன்னு நினைக்கிறவங்க இதைக் கேட்கணும்.

7. கிரிராஜ சுதா: இருபது வருஷத்துக்கு அப்புறமான கதை. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி'ன்னு பேண்ட் மறுபடி கிளம்பியது. கொஞ்ச நாளில் சங்கரின் வயலின் இருந்த இடத்துக்கு மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் வந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், கஞ்சிராவோடு வந்தார் ('வெண்ணிலா கபடி குழு' படத்துக்கு இசையமைத்த அதே செல்வகணேஷ்!). ஷங்கர் மகாதேவன் குரலோடு வந்தார். 2001-ல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' ஆல்பத்தில் இருக்கிறது இது. தியாகராஜர் கீர்த்தனைதான், பங்காள ராகம். ஆனா கிடார் நுழையற இடத்துல திருவையாறும் நியூயார்க்கும் பக்கத்துப் பக்கத்துத் தெருவாயிடும்.

அந்த கிடாரில் என்ன இருக்கு?

இப்போ டெக்னிக்கல் விஷயத்துக்கு வருவோம். கிடாரின் கழுத்துல உலோகக் கட்டைகள் இருக்கும். அதனால ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியா வரும். நம்ம கமகமோ படிக்கட்டு இல்லை, சறுக்குமரம். மெக்லாஃப்லின் அதுக்கு ஒரு வழி பண்ணார். கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மரத்தைக் குழியா செதுக்கச் சொன்னார். இப்போ விரலை அழுத்தி, இழுத்து, ஸ்வரத்தை வளைக்கலாம். அது மட்டும் இல்லை. வழக்கமான தந்திகளுக்குக் கீழே குறுக்கே ஏழு தந்திகள் கூடுதலா கட்டச் சொன்னார். சுருதி சேர்த்து வெச்சா கூடவே ரீங்காரம் தரும். அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனியில் ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் அதைச் செய்து கொடுத்தார்.

இதைக் கேட்டதும் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அப்போ பானைக்காக கிடார் மாறிச்சாண்ணா?"

அதுதான்டா பாயின்ட்! நம்ம காலேஜ் மேடைகளில் ஃப்யூஷன்னா என்ன? கிடார், ட்ரம்ஸ் அப்படியே இருக்கும். மேல கொஞ்சம் ஸ்வரம், கொஞ்சம் கடம் தூவுவோம், பிரியாணி மேல கொத்தமல்லி தூவற மாதிரி. எடுத்துட்டாலும் பிரியாணி பிரியாணிதான். சக்தியில கடத்தை எடுத்துட்டா பாட்டே இல்லை. அங்கே எல்லாருமே எதையோ விட்டுக்கொடுத்தாங்க. கிடார்காரர் கரென்ட்டை விட்டார். கடக்காரர் பின் வரிசையை விட்டார். யாரும் தன் வித்தையை மட்டும் விடலை.

ரெண்டு ஊர், ஒரே விளையாட்டு

ஜாஸ்ல ஒரு வழக்கம் உண்டு, 'ட்ரேடிங் ஃபோர்ஸ்'. ஒருத்தர் நாலு சுற்று வாசிப்பார். அடுத்தவர் நாலு சுற்றில் பதில் சொல்வார். மாத்தி மாத்தி போகும். நம்ம தனி ஆவர்த்தனத்துல 'குறைப்பு'ன்னு இருக்கே, ஞாபகம் இருக்கா? மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி வாசிக்கும். நீளம் குறைஞ்சுக்கிட்டே வரும். கடைசியில ரெண்டும் சேர்ந்து ஒரு கோர்வையில முடியும். கடல் தாண்டி ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே விளையாட்டைத் தனித்தனியா கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க! ரெண்டு இசையிலும் பாதியை மேடையிலேயே கற்பனை பண்ணித்தான் வாசிக்கணும். நம்ம ஆட்கள் அதை 'மனோதர்மம்'னு சொல்றாங்க. அவங்க 'இம்ப்ரவைசேஷன்'னு சொல்றாங்க.

கேட்கிறப்போ உங்களுக்கு ஒரு டிப்ஸ். விரல்ல எண்ணுங்க. 'தகிட'ன்னா மூணு. 'தகதிமி'ன்னா நாலு. 'தகதகிட'ன்னா ஐந்து. 'தகிட தகதிமி'ன்னா ஏழு. ஜாஸ் ராக் ரசிகர்கள் ஐந்து, ஏழுன்னு வந்தா 'ஆஹா, ஆட் டைம்!'னு வாயைப் பிளப்பாங்க. நம்ம ஊர்ல கடம் கத்துக்கிற பத்து வயசுப் பையன் அதை ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கிட்டே சொல்வான். இது நான் பெருமைக்குச் சொல்லலை. மெக்லாஃப்லினே இதைப் பாடமா எடுத்துக்கிட்டவர். செல்வகணேஷும் அவரும் சேர்ந்து 2007-ல் கொன்னக்கோல் கற்றுக்கொடுக்க 'தி கேட்வே டு ரிதம்'னு ஒரு டி.வி.டி-யே வெளியிட்டாங்க. அமெரிக்க ட்ரம்மர்கள் அதைப் பார்த்துக் கத்துக்கறாங்க. நம்ம பேண்ட்ல அந்த வித்தை தெரிஞ்ச பையனோட மைக் ஆஃப்ல இருக்கு!

உடைஞ்ச பாலம்

கதை முழுக்க இனிப்பு இல்லை. மகாவிஷ்ணுவுக்கு வந்த கூட்டம் சக்திக்கு வரலை. எலெக்ட்ரிக் கிடாருக்காகக் காசு கொடுத்தவங்களுக்கு இது புரியலை. ஆல்பங்கள் பழைய அளவுக்கு விற்கலை. மூணே ஆல்பம். 1978-ல் பேண்ட் கலைந்தது.

பட்டினப்பாக்கத்திலிருந்து தெற்கே சீனிவாசபுரம் தாண்டி, அடையாறு முகத்துவாரம் பக்கம் நின்னா அந்த உடைஞ்ச பாலம் தெரியும். சினிமாவுல எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. 1967-ல் கட்டினது, 1977-ல் ஆத்துத் தண்ணி வேகத்துல உடைஞ்சதுன்னு ஏரியாவுல சொல்வாங்க. 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' வந்த அதே வருஷம். அந்தப் பாலத்தை யாரும் திரும்பக் கட்டலை. சக்தியைத் திரும்பக் கட்டினாங்க.

அதுலயும் இழப்புகள் உண்டு. யு.ஸ்ரீநிவாஸ் 2014-ல் நாற்பத்தைந்தே வயசுல காலமானார். 2023-ல், நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஸ்டுடியோ ஆல்பமாக 'திஸ் மொமென்ட்' வந்தது. முதல் ட்ராக் பெயர் 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'. யாருக்குன்னு சொல்லணுமா? 2024 பிப்ரவரியில் அந்த ஆல்பம் கிராமி வாங்கியது. அதே வருஷம் டிசம்பர் 15-ம் தேதி ஜாகிர் உசேன் போய்ட்டார். 1975-ல் கூட்டம் வராத ஒரு விஷயத்தை விடாமல் பிடிச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு, கைத்தட்டல் வந்து சேர இவ்வளவு வருஷம் ஆச்சு.

பாலம்னா ரெண்டு கரையிலும் கால் ஊன்றணும். ஒரு கரையில தூண், இன்னொரு கரையில வெறும் டெக்கரேஷன்னா நிக்காது. ஃப்யூஷனும் அதேதான் ஃப்ரெண்ட்ஸ்.

கடைசியா என்ன ஆச்சு?

அன்னைக்கு 'ஜாய்' முழுசும் கேட்டான் தம்பி. ஆளுக்கு ஒரு காதுல இயர்போன். பத்தாவது நிமிஷம் அவன் விரல் தானா பானை மேல ஏறிச்சு. பக்கத்துல வலை பிரிச்சிக்கிட்டு இருந்த அண்ணன் ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "இன்னா தம்பி, இன்னும் ஒரு தபா அடி"ன்னார். காசு கொடுத்துக் கேட்டாலும் கிடைக்காத 'ஒன்ஸ் மோர்' அது.

மறுநாள் அவன் அந்த லிங்க்கை லீட் கிடாரிஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கான். ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாவது நாள் ஒரே ஒரு மெசேஜ்: "மச்சி, அந்த ஏழு கணக்கு எனக்கு வரல. சண்டே பீச்சுக்கு வரேன், சொல்லிக் குடு."

வந்தார். கிடாரோட வந்தார். எனக்கென்னமோ அவர் கெட்டவர் இல்லை, கேக்காதவர், அவ்வளவுதான்னு தோணுச்சு. ரெண்டு பேரும் மணல்ல எதிரெதிரே உட்கார்ந்து, 'தகிட தகதிமி' சொல்லிக்கிட்டு தொடையில தாளம் போட்டதைப் பார்த்தேன். கிடார்காரர் நாலு தடவை தப்பு பண்ணார். அஞ்சாவது தடவை ரெண்டு பேரும் ஒரே இடத்துல வந்து விழுந்தாங்க. அப்போ ரெண்டு முகத்துலயும் வந்த சிரிப்பு இருக்கே... 'ஜாய்'னு பேர் வெச்சது சும்மா இல்லை.

கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு கடம் மைக் ஆன்ல இருக்குமா, எங்கே உட்கார வைப்பாங்க? எனக்குத் தெரியாது. அதை அவங்க பேண்ட் முடிவு பண்ணட்டும்.

ஒண்ணு மட்டும் உறுதி. யாராவது செகண்ட் ஹேண்ட்ல கடம் தேடிட்டு இருந்தீங்கன்னா, பட்டினப்பாக்கம் பக்கம் வராதீங்க. விற்பனைக்கு இல்லை!